பாசி படர்ந்தா மண்ணு பிழைச்சதா அர்த்தமா?

எண்ணூர் கழிமுகத்துப் பக்கம், எண்ணெய் படிஞ்ச சேத்து மேல, பச்சையும் நீலமும் கலந்த மாதிரி ஒரு தோல் படர்ந்திருக்கும். அதைப் படம் பிடிச்சு, "பாருங்க, இயற்கை தன்னைத்தானே சரி பண்ணிக்குது, எண்ணெயைத் தின்னுற பாசி வந்தாச்சு"ன்னு போடுறாங்க. நாலு பேர் கைகூப்புற பொம்மை போடுறாங்க. அதோட அந்த ஊர்க்கதை முடிஞ்சுபோகுது. எனக்கு வயித்தெரிச்சல் அங்கதான் ஆரம்பிக்குது.

அந்தப் பாசிக்குப் படிச்சவங்க வெச்ச பேரு சயனோபாக்டீரியா. நெல்லு போடுறவனுக்கு அது நீலப்பச்சைப் பாசி. பொன்னேரி பக்கத்து விவசாயிக்கு இதைப் பத்திப் பேச என்ன தகுதின்னு கேட்டா, இந்தப் பாசியோட எங்களுக்கு இருக்கிற பழக்கம் பட்டணத்துக்காரங்களுக்கு இல்லைங்கிறதுதான் தகுதி. நட்ட பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ பாசித்தூளைத் தண்ணி நிக்கிற வயல்ல தூவச் சொல்லி வேளாண்மைத் துறை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆழமில்லாத குழி வெட்டி, வயல் மண்ணும் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டு, தண்ணி கட்டி, விதைப்பாசியைத் தூவிவிட்டா, நல்ல வெயிலுக்கு ரெண்டு மூணு வாரத்துல மேல தோல் கட்டும். காயவிட்டா அப்பளம் மாதிரி சுருண்டு வரும். அதை எடுத்துச் சாக்குல கட்டி வெச்சுக்கலாம். காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்கிற வேலை அதுக்கு. நெல் வயலோட தழைச்சத்துக்கு இந்தப் பாசிதான் முக்கியமான காரணம்னு பி. கே. டே 1939-லயே எழுதினார். பனாரஸ் பல்கலைக்கழகத்து ஆர். என். சிங், வடக்கே களர் பிடிச்ச நிலத்தை இதே பாசியை வளர்த்து மீட்கலாம்னு 1950-ல காட்டினார். அசோலா போடுறோமே, அந்த இலையோட பொந்துக்குள்ள குடியிருக்கிறதும் இதோட சொந்தக்காரன் அனபீனாதான். ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 20-லேருந்து 30 கிலோ தழைச்சத்து வரைக்கும் கிடைக்கும்னு புத்தகம் சொல்லுது. நம்ம வயல்ல அவ்வளவு கிடைக்குதாங்கிறது வேற பஞ்சாயத்து.

அதனால இந்தப் பாசி மேல எனக்கு வெறுப்பு கிடையாது. நம்ம பங்காளி மாதிரி. பங்காளி பேரைச் சொல்லி எவனோ கடன் வாங்கித் தின்னா கோபம் வருமா வராதா? அந்தக் கோபத்துலதான் எழுதுறேன்.

முதல்ல நடந்தது என்னன்னு ஒருமுறை ஞாபகப்படுத்திடறேன், பட்டணத்துல ஞாபகம் சீக்கிரம் வடிஞ்சுபோகுது. 2017 ஜனவரி 28 விடியக்காலையில காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. வெளிய போனது எரிவாயுக் கப்பல் பிடபிள்யூ மேப்பிள், உள்ள வந்தது டான் காஞ்சிபுரம். சுற்றுச்சூழலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு துறைமுகம் அன்னைக்கே அறிக்கை விட்டது. ஒண்ணு ரெண்டு நாள்ல திருவொற்றியூர், எர்ணாவூர் கரையில தார் மாதிரி எண்ணெய் ஒதுங்குச்சு. மீனவங்களும் காலேஜ் பிள்ளைங்களும் கடலோரக் காவல்படைக்காரங்களும் பிளாஸ்டிக் பக்கெட்ல மொண்டு மொண்டு எடுத்ததை உலகமே பார்த்தது. ராக்கெட் விடுற நாட்டுல எண்ணெய் அள்ள பக்கெட்தானான்னு நீங்கதான் கேலி பண்ணீங்க. நான் இன்னைக்கும் சொல்றேன், அந்த பக்கெட்தான் அந்த வருஷத்துல நடந்த ஒரே உருப்படியான வேலை. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகள்ல ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. வெள்ளம் மணலியிலேருந்து எண்ணெயைச் சுமந்துக்கிட்டு பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலையாத்துக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் வந்தது. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் தன்னோட குழாயில கசிவு இல்லைன்னுது. வளாகத்துக்குள்ள மழைநீரை ஒழுங்கா நிர்வகிக்காததால எண்ணெய் அங்கேருந்துதான் போச்சுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து விசாரிச்சது. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எர்ணாவூர் குப்பம்னு எல்லா இடத்துலயும் படகு, வலை, வீட்டுச்சுவர், அலையாத்தி மரம் எல்லாத்துலயும் கறுப்புக் கோடு. கூழைக்கடா றெக்கையில எண்ணெய் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த படத்தை நீங்க பார்த்திருப்பீங்க. அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா வேற கசிஞ்சது. ஜனங்க தூக்கத்துலேருந்து எழுந்து ஓடினாங்க. அது தனிக்கதை.

இந்த ரெண்டு எண்ணெயும் எங்க போச்சு? மேல மிதந்ததுல கொஞ்சத்தை அள்ளினாங்க. கொஞ்சம் ஆவியாச்சு. மிச்சம் சேத்துல இறங்கிடுச்சு. அந்தச் சேத்து மேலதான் இப்ப நம்ம பாசியை உட்கார வெச்சு மாலை போடுறாங்க.

பாசி எண்ணெயைத் தின்னுதாங்கிற கேள்விக்கு வருவோம். இதுக்கு நல்ல சாட்சி வளைகுடா. 1991 ஜனவரியில ஈராக் படை குவைத்துல எண்ணெயைக் கடல்ல திறந்துவிட்டது. சவுதி கரையில நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு எண்ணெய் படிஞ்சது. எல்லாம் செத்துப்போச்சுன்னு நினைச்ச கரையில, கொஞ்ச மாசத்துலயே எண்ணெய் மேல நீலப்பச்சைப் பாசி பாய் விரிச்ச மாதிரி படர்ந்தது. குவைத் விஞ்ஞானிகள் அதைப் பார்த்துட்டு, வளைகுடா தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குதுன்னு 1992-ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. இன்னைக்கு நம்ம போன்ல சுத்துற படத்துக்கெல்லாம் தாத்தா அந்தக் கட்டுரைதான்.

அவங்க பார்த்தது பொய்யில்லை. ஆனா அதுக்கப்புறமும் ஆராய்ச்சி நடந்தது. பாசியைத் தனியாப் பிரிச்சு, கூட இருக்கிற பாக்டீரியாவை எல்லாம் விலக்கிட்டு எண்ணெய்ல விட்டுப் பார்த்தா, அது பெரிசா ஒண்ணும் தின்னலை. தின்னுறது, பாசியோட வழுவழுப்புல ஒட்டிக்கிட்டு வாழுற வேற பாக்டீரியா. பாசி அதுங்களுக்கு ஆக்சிஜன் கொடுக்குது, தங்க இடம் கொடுக்குது, அலை அடிச்சுக்கிட்டுப் போகாம பிடிச்சு வெக்குது. சில வகைப் பாசி தழைச்சத்தும் கொடுக்கும், எல்லா வகையும் கொடுக்காது. சுருக்கமா, பாசி சமையக்காரன் கிடையாது, சத்திரக்காரன். சத்திரம் நல்லா இருந்தா விருந்தாளி நல்லா சாப்பிடுவான்.

விவசாயிக்கு இது புரியும். அறுப்பு முடிஞ்ச வயல்ல வைக்கோலை அப்படியே மடக்கி உழுதுட்டு உடனே நட்டுப் பாருங்க. பயிர் மஞ்சளா நிக்கும். வைக்கோல் முழுக்கக் கரிச்சத்து. அதை மக்க வைக்கிற நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேணும், மண்ணுல இருக்கிறதை எல்லாம் அதுவே இழுத்துக்கும், பயிருக்கு ஒண்ணும் மிஞ்சாது. எண்ணெயும் அப்படித்தான், வைக்கோலை விடக் கெட்ட வைக்கோல். வெறும் கரியும் ஹைட்ரஜனும். அதைத் தின்னுற பாக்டீரியாவுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் காத்தும் வேணும். 1989-ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டினப்ப, கரையில என்ன தெளிச்சாங்க தெரியுமா? உரம். புதுசா எந்த அதிசய பாக்டீரியாவும் தேவைப்படலை, இருந்த பாக்டீரியாவுக்கே சாப்பாட்டுல உப்பு போட்ட மாதிரி உரம் போட்டாங்க. வேலை செஞ்சது, மேல இருந்ததுக்கு. கூழாங்கல்லுக்கு அடியில காத்து போகாம மாட்டிக்கிட்ட எண்ணெய், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிச்சுத் தோண்டினப்பவும் நாத்தத்தோட அப்படியே இருந்தது.

காத்து. இங்கதான் பாசிப்படம் போடுறவங்க கவனிக்காத விஷயம் இருக்கு. பாசிக்கு வெயில் வேணும். சேத்துல வெயில் சில மில்லிமீட்டருக்கு மேல இறங்காது. அதனால அது கொடுக்கிற ஆக்சிஜனும் அந்தத் தோல் கனத்துக்குத்தான். பொழுது சாஞ்சா அதுவும் நின்னுடும், பாசியே ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கும். தோலை உரிச்சுப் பார்த்தா அடியில கறுப்பு, அழுகின முட்டை வாடை. அந்த வாடை வருதுன்னா அங்க காத்து இல்லைன்னு அர்த்தம். காத்து இல்லாத இடத்துல எண்ணெய் கரையிறது நத்தை நடை.

வளைகுடாவுல இதைவிட மோசமா நடந்தது. வருஷம் போகப்போக அந்தப் பாசிப்பாய் தடிச்சு, காய்ஞ்சு, தோல் செருப்பு மாதிரி ஆயிடுச்சு. உப்புச் சதுப்புல அதுவே மூடி போட்ட மாதிரி அடைச்சுக்கிச்சு. பத்து வருஷத்துக்கு அப்புறமும் சில இடத்துல மூடிக்கு அடியில எண்ணெய் இருந்தது. முன்னாடி அந்தச் சேத்துல நண்டு பொந்து தோண்டி, காத்தும் தண்ணியும் உள்ள போயிட்டு வரும். எண்ணெய் வந்ததும் நண்டு செத்துச்சு, பொந்து அடைஞ்சது. அப்புறம் பாசி மேல மூடினதும், புது நண்டுக் குஞ்சு வந்து குடியேறவும் வழியில்லாமப் போச்சு. வயலுக்கு மண்புழு எப்படியோ சேத்துக்கு நண்டு அப்படி, அதுதான் அங்க ஏர் ஓட்டுறவன். அதனால எண்ணூர்ல நண்டு திரும்ப வந்ததான்னு காட்டுக்குப்பத்துக்காரர் ஒருத்தரைக் கேளுங்க. பாசி வந்ததான்னு கேக்காதீங்க. பாசி வர்றது, மேயுற நத்தையும் நண்டும் இல்லைங்கிறதுக்கும் அடையாளமா இருக்கலாம். மேய்ப்பு இல்லாத தரையில புல்லு மண்டுற மாதிரிதான்.

எங்க பக்கத்துல பழைய டீசல் எஞ்சின் வெச்ச மோட்டார் கொட்டாய் எதையாவது போய்ப் பாருங்க. எஞ்சின் எடுத்துப் பல வருஷம் ஆனாலும் அது நின்ன இடத்துல தரை கறுப்பா இருக்கும். மழைக்காலத்துல அந்தக் கறுப்பு மேலயும் பச்சையா வழுக்கும். மண்வெட்டியால ஒரு கொத்து கொத்தினா டீசல் வாசம் வரும். அதுல ஒரு கோரைகூட முளைக்காது. ஒரு எஞ்சின் சொட்டின எண்ணெய்க்கே இந்தக் கதி.

தண்டையார்பேட்டைக்கு இந்தப் பாசிக்கதை கொஞ்சமும் பொருந்தாது. 2013-ல அங்க வீட்டு ஆழ்குழாய்க் கிணத்துல தண்ணியோட எண்ணெய் வந்தது. துறைமுகத்துலேருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போற குழாய் பூமிக்கு அடியில கசிஞ்சு, மண்ணுக்குள்ள இறங்கி, நிலத்தடி நீர்ல கலந்துடுச்சு. அங்க வெயில் ஏது, பாசி ஏது? கிணத்தைத் தோண்டி எண்ணெயையும் தண்ணியையும் இறைச்சு இறைச்சுத்தான் எடுக்கணும். குடத்துல டீசல் வாடை வர்ற வீட்டுக்காரம்மாகிட்ட போய் "இயற்கை சரி பண்ணிக்கும்மா"ன்னு சொல்லிப் பாருங்களேன்.

"அப்ப நீங்க விஞ்ஞானத்துக்கே எதிரியா?"ன்னு கேப்பீங்க. இல்லீங்க. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல கடல் நீலப்பச்சைப் பாசிக்குன்னே ஒரு தேசிய மையம் 1991-லேருந்து இருக்கு. நம்ம கரையோரம் எங்கெங்கயோ போய்ப் பாசி எடுத்து, வளர்த்து, பேர் வெச்சுப் பாதுகாத்துக்கிட்டு வர்றாங்க. நல்ல வேலை. எண்ணெய்க் கசடை நுண்ணுயிர் வெச்சுப் பக்குவப்படுத்துறதும் உண்மையான தொழில்நுட்பம்தான். அதுக்கு ஒரு முறை இருக்கு, கேட்டா உங்களுக்கே இது விவசாயம்னு தோணும். கசடை முதல்ல அள்ளி, அடியில தண்ணி இறங்காத மாதிரி தளம் போட்ட இடத்துல மெல்லிசா பரப்பணும். பாக்டீரியாவைக் கலக்கணும். உரம் போடணும். ஈரம் காயாமப் பாத்துக்கணும். சில நாளுக்கு ஒருதரம் உழணும். எண்ணெய் எவ்வளவு குறைஞ்சதுன்னு மண் எடுத்துப் பரிசோதனை பண்ணிக்கிட்டே இருக்கணும். பல மாசம் ஆகும். இப்பத் தெரியுதா, பக்கெட்டை ஏன் உருப்படியான வேலைன்னு சொன்னேன்னு? அள்ளினாத்தான் உழ முடியும். கழிமுகத்துச் சேத்துல, அலையாத்தி வேருக்கு நடுவுல, தினம் ரெண்டு தரம் ஓதம் ஏறி இறங்குற இடத்துல எவன் ஏர் ஓட்டுவான்? அங்க போட்ட உரம் அடுத்த ஓதத்துல கடலுக்குப் போயிடும்.

அதனால என் சண்டை பாக்டீரியாவோட இல்லை. அந்த வார்த்தையை வெச்சு ஃபைலை மூடுறவங்களோட. உயிரிவழிச் சீரமைப்புன்னு ஒரு அழகான வார்த்தை. அள்ளாம விட்டதுக்கு அது நல்ல போர்வை. எண்ணெய் தின்னுற பாக்டீரியாங்கிற ஆசை இன்னைக்கு நேத்திக்கு வந்ததில்லை. வங்காளத்துல பிறந்து அமெரிக்கா போன ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயைச் சிதைக்கிற ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்துல உருவாக்கினார். உயிருள்ளதுக்குக் காப்புரிமை தரலாமான்னு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1980-ல அவர் ஜெயிச்சார். அந்தத் தீர்ப்பு உலகத்தையே மாத்துச்சு, எங்களுக்கு விதைக் கம்பெனிக்காரன் காப்புரிமை பேசுறது வரைக்கும் அதோட வேர் போகுது. ஆனா அந்த பாக்டீரியா எந்தக் கடல் எண்ணெயையும் போய்ச் சுத்தம் பண்ணலை.

இன்னொண்ணு. எண்ணெய்லயே லேசான பாகத்தை பாக்டீரியா முதல்ல தின்னும், நாம நெய்ச்சோறு முதல்ல சாப்பிடுற மாதிரி. தார் மாதிரி கனமான பாகமும், புற்றுநோய் வரவைக்கும்னு சொல்ற வளையக் கரிப்பொருளும் கடைசி வரைக்கும் மிஞ்சும். நாத்தம் போயிடுச்சுன்னா விஷம் போயிடுச்சுன்னு கணக்கு இல்லை. அதோட எண்ணூர் சேத்துல எண்ணெய் மட்டுமா இருக்கு? அனல்மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்கா கொசஸ்தலையாத்துல கலந்திருக்கு. சாம்பல்ல இருக்கிற உலோகத்தை எந்தப் பாசியும் எந்த பாக்டீரியாவும் தின்னு காணாம ஆக்க முடியாது. பாசி உடம்புல ஏறும், பாசியைத் தின்ன இறால்ல ஏறும், இறாலைத் தின்ன நம்ம உடம்புல ஏறும்.

காசுக் கணக்கும் பாத்துடுவோம். 2023 எண்ணெய்க்கு அரசு அறிவிச்ச நிவாரணம்: 2,301 மீனவர் குடும்பத்துக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுக்குத் தலா 10,000, இன்னும் 6,700 குடும்பத்துக்குத் தலா 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம் சொச்சம். ஒரு வலை என்ன விலைன்னு விசாரிச்சுட்டு இந்தக் கணக்கைத் திரும்பப் படிங்க. அந்தக் காசு நின்னுபோன சில வாரத் தொழிலுக்கு. சேத்துக்குள்ள இறங்கினதுக்கு யார் என்ன கொடுத்தா? வெள்ளத்துல பயிர் முழுகினா எங்களுக்கு அடுத்த போகம் உண்டு. இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்து கையால இறால் தடவுறவங்களுக்கு அந்தச் சேறுதான் நிலம், பட்டா இல்லாத நிலம். நிலம் கெட்டா ஆர்.டி.ஓ.கிட்ட மனு கொடுக்க எனக்கு ஒரு சர்வே நம்பராவது இருக்கு.

பட்டணத்துல இருக்கிற நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அந்தப் பச்சைப் படம் உங்க போனுக்கு வந்தா, அனுப்பினவரைக் கேளுங்க: எத்தனை அங்குல ஆழத்துல மண் எடுத்துப் பார்த்தாங்க? எண்ணெய் எவ்வளவு இருந்தது, இப்ப எவ்வளவு? எந்த மாசம் எடுத்தாங்க, எந்த இடத்துல? இதே கேள்வியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடலாம், கட்டணம் பத்து ரூபாய்தான். வருஷத்துக்கு ரெண்டு தரம், மழைக்கு முன்னாடியும் பின்னாடியும், குறிச்சு வெச்ச அதே இடத்துல சேறு எடுத்து, அந்த எண்ணை எண்ணூர் பஞ்சாயத்துப் பெரியவங்க படிக்கிற மாதிரி தமிழ்ல பலகையில எழுதி வெக்கணும். மணலியில எண்ணெய் வெச்சிருக்கிற கம்பெனி ஒவ்வொண்ணும் மழைநீர் போற வழியைக் கார்த்திகைக்கு முன்னாடி வெளிஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மழைக்காலத்துல ஓட்டணும். எங்க ஏரி மதகை நாங்க ஐப்பசிக்கு முன்னாடி பாத்துக்கிறோம், அவங்களுக்கு என்ன வலிக்குது?

யாராவது நேர்ல பாக்கணும்னா வாங்க. ரெண்டடி பிவிசி குழாய், ஒண்ணரை அங்குலம், போதும். ஓதம் இறங்கின நேரத்துல, ஊர்க்காரர் ஒருத்தர் துணையோட, பாசி படர்ந்த இடமாப் பாத்து நேரா அழுத்துங்க. மேல் வாயை உள்ளங்கையால இறுக்கி மூடிட்டு உருவினா மண் அப்படியே வரும். நெடுக்கா அறுத்துத் திறந்தா மேல பச்சை ஒரு கோடு, அதுக்கடியில என்ன நிறம், என்ன வாசம்னு நீங்களே பாத்துக்கலாம். கனமான கையுறை மறக்காதீங்க. டிசம்பர்ல அள்ளினவங்க பல பேருக்குக் கை எரிச்சல் நிக்க வாரக்கணக்காச்சு.